பன்னிரண்டில் பதினொன்று

2018 செப்டெம்பரில், கோத்தகிரியில் இருக்கும் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கேரளத்து வெள்ளம் வடிந்து மூணாற்றுப் பாதை திறந்ததும் வேன் பிடித்து ராஜமலைக்குப் போயிருக்கிறார்கள். சித்தி ஸ்வெட்டரும் மப்ளருமாக நிற்கிறார். பின்னால் மலை முழுக்க நீலம். கூடவே சித்தியின் குரல்: "தம்பி, இதான் குறிஞ்சிப் பூவாம். நம்ம கந்தப்பளப் பக்கம் இது இருக்காப்பா?"

யோசிக்காமல் பதில் போட்டேன். "இல்ல சித்தி. அது அங்க மட்டுந்தான்."

அந்தப் பதிலில் பாதி சரி. மறுபாதி பிழை என்று தெரிய எனக்கு ஏழு வருஷம் ஆனது.

கந்தப்பளை நுவரெலியாவில் இருந்து ராகலைக்குப் போகிற பாதையில் 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. முன்பு நானுஓயாவில் இருந்து ராகலை வரை ஒரு சின்னக் கோச்சி இந்த வழியாகத்தான் ஓடியது. 1940களில் அதை நிறுத்தித் தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது விடியற்காலையில் லீக்ஸும் கரட்டும் கோவாவும் ஏற்றிய லொறிகள் இறங்குகின்றன. ஊரில் நின்று மேலே பார்த்தால் முதலில் தேயிலை, அதற்கு மேல் மரக்கறிப் பாத்தி, பாத்தி முடிகிற இடத்தில் டர்பன்டைன் மரங்கள், அதற்கும் மேலே பனி விலகினால் மட்டும் தெரிகிற கரும்பச்சைக் காடு. கந்தப்பளை - சீதாஎலிய ஒதுக்குக்காடு என்று அரசாங்கத் தாள்களில் அதற்குப் பெயர். எங்கள் லயத்தில் அது வெறும் 'மேக்காடு'.

மேக்காட்டின் ஓரத்துக்கு நான் சின்ன வயசில் அப்பாவோடு நிறையப் போயிருக்கிறேன். காடு பார்க்கப் போகவில்லை, கம்பு வெட்டப் போனோம். லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் அப்பா போஞ்சி போடுவார். போஞ்சிக் கொடி ஏற நேரான கம்பு வேண்டும். பெரிய மரங்களுக்குக் கீழே, நிழலில், ஆள் உயரத்துக்கு நெருக்கமாக ஒரு செடி நிற்கும். கணுவுக்குக் கணு கைவிரல் முட்டி மாதிரி புடைத்திருக்கும். இலையைக் கசக்கினால் விரலில் பிசுபிசு என்று ஒட்டும், வாசம் கழுவினாலும் போகாது. கத்தியை ஒரு முறை வைத்தால் போதும், சாய்ந்துவிடும். இருபது கம்பு ஒரு கட்டு. சித்தி அப்போது கல்யாணம் ஆகாத பெண். கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கிப் போவார். அந்தச் செடிக்கு எங்களிடம் தனிப் பெயர் கிடையாது. போஞ்சிக் கம்பு, அவ்வளவுதான்.

2025 ஆவணியில் ஹோர்ட்டன் சமவெளியில் நெலு என்கிற செடி பூத்திருக்கிறது என்று பத்திரிகை, டிவி எல்லாவற்றிலும் வந்தது. 2013க்குப் பிறகு இப்போதுதான் என்றார்கள். பாடசாலைப் பிள்ளைகளோடு நானும் போனேன். நடைபாதை தொடங்குகிற ஃபார் இன் வாசலில் வாகன வரிசை. ஆளாளுக்குக் கையில் போன். பூப் பறிக்கக் கூடாது என்று வனசீவராசிக் காவலர் ஒருவர் மூன்று மொழியிலும் சொல்லிக்கொண்டே இருந்தார், பாவம், தொண்டை கட்டிப் போயிருந்தது.

பாதையோரத்தில் ஒரு கிளை தாழ்ந்து கிடந்தது. குனிந்து பார்த்தேன். மணி வடிவம். விளிம்பு ஐந்தாகப் பிரிந்து லேசாக மடிந்திருந்தது. வெளியே வெளிறிய ஊதா, உள்ளே தொண்டைப் பக்கம் மெல்லிய மயிர். ஒரு தேனீ தலையை உள்ளே விட்டுப் பின்பாதி மட்டும் வெளியே ஆட, பூ முழுவதும் நடுங்கியது. அது வெளியே வந்ததும் பூவின் அடியில் இருந்த தண்டைப் பார்த்தேன். கணு. விரல் முட்டி மாதிரி புடைத்த கணு.

ஐம்பது வருஷத்துக்கு முந்திய பிசுபிசுப்பு விரலில் ஏறியது. நான் வெட்டிக் கட்டிய கம்புக்கு இப்படி ஒரு பூ இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு தேடிப் படித்தேன். மூணாற்று நீலக்குறிஞ்சியும் நம் நெலுவும் ஒரே பேரினம். ஸ்ட்ரோபிலாந்தஸ் என்பது தாவரவியலார் வைத்த பெயர். இந்தப் பேரினம் சேர்ந்த குடும்பத்தின் மற்ற ஆட்களை நமக்கு நன்றாகவே தெரியும். இருமலுக்குக் கஷாயம் போடுகிற ஆடாதோடையும் பெண்கள் தலையில் வைக்கிற கனகாம்பரமும் இதே குடும்பம். துரை பங்களாத் தோட்டங்களில் வளர்த்த இங்கிலாந்து மணிப்பூவுக்கும் இதற்கும் வடிவத்தில்தான் ஒற்றுமை, உறவு இல்லை. அந்த மணிப்பூவின் சொந்தக்காரனை மலையில் தேடினால் காட்டுப் புகையிலையைத்தான் காட்ட வேண்டும். உறவுமுறையைப் பூவின் முகத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது போலும்.

இந்தியாவில் நீலக்குறிஞ்சி ஒரே இனம். இங்கே நெலு என்பது ஒரு கூட்டத்துக்கே பொதுப்பெயர். இலங்கையில் ஏறக்குறைய 30 ஸ்ட்ரோபிலாந்தஸ் இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இந்தத் தீவை விட்டால் வேறெங்கும் இல்லை. வெள்ளை, ரோஸ், ஊதா என்று நிறமும் வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிகாரம். செக்சென்னிஸ் என்ற ஒன்றின் லத்தீன் பெயருக்கே 'ஆறு வருஷத்தது' என்றுதான் பொருள். ஹோர்ட்டனில் பூத்தபோது எங்கள் மேக்காட்டில் ஒரு மொட்டுகூட இல்லை. போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அங்கே நிற்பது இன்னொரு தம்பியோ தங்கையோ.

அப்படியானால் குறிஞ்சிக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேரும் புகழும்? சங்கப் புலவர்கள் ஒரு நிலத்துக்கே, ஒரு வாழ்க்கை முறைக்கே அதன் பெயரை வைத்தார்கள். 99 பூக்களைப் பட்டியல் போட்ட கபிலரின் பாட்டுக்குத் தலைப்பே குறிஞ்சிதான். மலையகத்து நாமும் அதைக் கடன் வாங்கிக்கொண்டோம். குறிஞ்சித் தென்னவன் என்று ஒரு கவிஞரே நமக்கு உண்டு. கொடைக்கானலில் 1936இல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கட்டியவர் யார் தெரியுமா? நம் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார். ஆஸ்திரேலியாவில் பிறந்து இலங்கைக்கு வந்து சைவரானவர். இங்கிருந்து போனவர் அங்கே அந்தப் பூவின் பேரில் முருகனுக்குக் கோயில் எழுப்பினார். இங்கே நெலுவின் பேரில் ஒரு பிள்ளையார் கல்கூட இல்லை.

காரணம் பூவில் இல்லை, நிற்கிற இடத்தில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நீலக்குறிஞ்சி திறந்த புல்வெளிச் சரிவில் வளர்கிறது. அதற்கு மேலே மரம் கிடையாது. ஒரே வருஷத்தில் எல்லாச் செடியும் பூத்தால் மலையே நிறம் மாறும், வெகு தூரத்தில் இருந்தும் தெரியும். நெலுவோ பெரும்பாலும் காட்டு மரங்களின் காலடியில், பாசி தொங்குகிற நிழலில் நிற்கிறது. அது எத்தனை கோடிப் பூ பூத்தாலும் மலையின் நிறம் மாறாது. தேடி உள்ளே போய்க் குனிகிறவனுக்கு மட்டும் காட்டும்.

கண்ணில் பட்டதற்குப் பாதுகாப்பும் சீக்கிரம் வந்தது. 2006இல் கேரள அரசு வட்டவடை, கொட்டக்கொம்பூர் பக்கம் 32 சதுர கிலோமீட்டரைக் குறிஞ்சிமலை சரணாலயம் என்று அறிவித்தது. எல்லை போடுகிற சண்டை வருஷக்கணக்கில் இழுத்தது, அது வேறு கதை. இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட செடிகளின் அட்டவணையிலும் இப்போது அதற்கு இடம் உண்டு. 2024இல் ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியலில் 'அழிவாய்ப்பு இனம்' என்று பதிவாகியது. தென்னிந்திய மலைகளில் 1,340 மீட்டருக்கும் 2,600 மீட்டருக்கும் இடையில் 34 கூட்டங்களாகத்தான் அது மிஞ்சியிருக்கிறது. 'புல்வெளிதானே, சும்மா கிடக்கிறது' என்று வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கித் தேயிலையும் யூகலிப்டஸும் வாட்டில் மரமும் நட்டதன் பலன்.

நெலுவுக்கு அப்படி ஒரே தீர்ப்பு எழுத முடியாது. 2020ஆம் ஆண்டின் தேசிய சிவப்புப் பட்டியலில் ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனி வரி. பொதுப்பெயரால் கூப்பிட்டால் அதில் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்காது. ஹோர்ட்டன் 1988 முதல் தேசியப் பூங்கா, அங்கே இருப்பவை ஒரு வேலிக்குள் இருக்கின்றன. அந்த உயரத்துக் காடு பிழைத்ததற்குக்கூட ஒரு கடிதம் காரணம். 5,000 அடிக்கு மேலே காட்டை விட்டுவையுங்கள் என்று தாவரவியலார் ஜோசப் ஹூக்கர் 1873இல் பிரித்தானிய அரசுக்கு யோசனை சொன்னார். கந்தப்பளை 6,000 அடிக்கு மேலே. சுற்றிலும் தேயிலை. யோசனை எங்கள் பக்கம் வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் காட்டை வெட்டியவர்கள் யார் என்று கேட்டால் எங்கள் பாட்டன் பூட்டன்தான். கங்காணி கூட்டிவந்தான், துரை காட்டினான், அவர்கள் வெட்டினார்கள். மூணாற்றில் புல்வெளியைத் தேயிலையாக்கியதும் மதுரை, திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து போன அதே சனம். இரண்டு மணிப்பூக்களின் மலையிலும் ஒரே கை.

எமர்சன் டெனன்ட் 1861இல் எழுதிய இலங்கையின் இயற்கை வரலாற்றில் ஒரு பகுதி உண்டு. கோப்பிக் காலம். காட்டில் ஒரு வகை எலி நெலு விதையைத் தின்று வாழ்ந்தது. அந்த இரை இல்லாமல் போனதும் எலிகள் படையாக இறங்கிக் கோப்பிச் செடியின் மொட்டையும் பூவையும் தின்றன. ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலி கொன்றிருக்கிறார்களாம். தமிழ்க் கூலியாட்கள் அந்த எலிகளை எண்ணெயில் பொரித்தும் கறி வைத்தும் ருசித்துத் தின்றார்கள் என்றும், எலி வருகிற தோட்டங்களையே தேடிப் போனார்கள் என்றும் எழுதுகிறார். அவர் அதை வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார். எனக்கு வேறு விதமாகத் தெரிகிறது. என் பூட்டனுக்கு நெலுவோடு இருந்த பழக்கம் அந்தச் சட்டியில்தான். பூவை அவன் பார்த்தானோ இல்லையோ, பூவின் கணக்கு அவன் வயிற்றுக்குள் போயிருக்கிறது.

கணக்கு என்று சொன்னேன். அதை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இவை வருஷா வருஷம் பூப்பதில்லை. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக விதை போட்டால் எலியும் காட்டுக்கோழியும் புழுவும் மிச்சம் வைக்காது. அதனால் இனம் முழுக்கக் காத்திருந்து, ஒரே தவணையில் தின்று தீர்க்க முடியாத அளவுக்குக் கொட்டிவிடுகிறது. மூங்கிலும் இதைத்தான் செய்கிறது. கொட்டி முடிந்ததும் செடி செத்துப்போகிறது. மூணாற்றில் நீலமாகத் தெரிந்தது பன்னிரண்டு வருஷம் வாழ்ந்து முடித்த செடிகளின் கடைசி மாதங்கள். அடுத்த வருஷம் அதே சரிவில் காய்ந்த குச்சிகள் நிற்கும், அவற்றின் காலடியில் நகம் அளவு நாற்றுகள். அதைப் பார்க்க யாரும் வேன் பிடிப்பதில்லை.

ஐ.யூ.சி.என். ஓர் இனம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கும்போது பத்து வருஷம் அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அதை அளவாக எடுக்கிறது. பன்னிரண்டு வருஷச் செடிக்கு மூன்று தலைமுறை என்றால் 36 வருஷம். ஒரு பெண் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிய நாளில் இருந்து வேலையில் இருந்து ஓய்வு பெறுகிற நாள் வரை. அத்தனை காலம் யாராவது அந்தச் செடியை அது செடியாக இருக்கும்போதே பார்த்து எண்ணியிருக்க வேண்டும். பூக்கிற வருஷத்தில் எண்ண ஆள் தேடத் தேவையில்லை, காவலரும் கமராவும் தானாக வந்துவிடுவார்கள். பூத்த செடியை வெட்டினால்கூட விதை விழுந்திருந்தால் பெரிய நட்டம் இல்லை. பத்தாவது வருஷம், பதினோராவது வருஷம், பச்சையாகச் சும்மா நிற்கும்போது வெட்டினால்தான் அத்தனை வருஷமும் போகிறது. நாங்கள் அப்படி நிற்கும்போதுதான் வெட்டினோம். பூத்து முடிந்த குச்சி காய்ந்து உடைந்துவிடும், போஞ்சிக்கு உதவாது.

இதை எழுதிவிட்டு ஒரு நாள் பேனாவை மூடி வைத்திருந்தேன். அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. 2023இல், எங்கள் சனம் இங்கே வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து, 'மலையகம் 200' என்று தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தார்கள். நானும் ஒரு நாள் கூட நடந்தேன். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல், மாலை, பேட்டி. கொழும்பில் இருந்து வந்த ஒரு பிள்ளை வழியில் நின்ற ஓர் அம்மாவின் கையை, கொழுந்துக் கறை ஏறிய விரல்களை, நாலு கோணத்தில் படம் எடுத்தாள். அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். அடுத்த வருஷம் அதே கை பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்றதைப் படம் எடுக்க யாரும் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. நானும் நெலுவை அப்படித்தானே பார்த்தேன்? கணுக்கணுவாக, கட்டுக்கட்டாக, வருஷக்கணக்காகக் கையில் பிடித்த ஒன்றை, அது பூத்த பிறகே செடி என்று ஒத்துக்கொண்டவன் நான். அந்தச் செடி பூவுக்காகக் காத்திருக்கவில்லை. நிழலில் மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த வருஷங்கள்தான் அதன் வாழ்க்கை. பூ அந்த வாழ்க்கையின் கணக்கு முடிப்பு. நான் முடிப்புச் சீட்டை மட்டும் பார்த்துவிட்டு, இங்கே அது இல்லை என்று சித்திக்குச் சொல்லியிருக்கிறேன்.

சித்தி 1970களின் தொடக்கத்தில் போனவர். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. கல்யாணமாகி எட்டு மாசத்தில் சித்தப்பாவுக்கு அந்தப் பக்கச் சீட்டு வந்தது. ஒப்பாரிக் கோச்சியில் ஏறித் தலைமன்னார், அங்கிருந்து 'இராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரி. தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் வேலை. நெலுக் காட்டின் ஓரத்தில் பிறந்தவர் குறிஞ்சிச் சரிவின் ஓரத்தில் அதே கொழுந்தைப் பறித்தார். இங்கே அவருக்கு 'இந்தியாக்காரி' என்று பேர், அங்கே 'சிலோன்காரி'.

போன மாசம் வீடியோவில் கூப்பிட்டேன். ஹோர்ட்டனில் எடுத்த படத்தை முன்னமே அனுப்பியிருந்தேன்.

"பாத்தேன் தம்பி. குறிஞ்சி மாதிரியேதான் இருக்கு. அங்கயும் உண்டா அப்ப?"

"குறிஞ்சி இல்ல சித்தி, அதோட சொந்தம். நெலுன்னு சிங்களத்துல சொல்றாங்க. தண்டப் பாருங்க, கணுவ."

போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு போனார். திரையில் நெற்றியும் வெள்ளை முடியும் மட்டும் தெரிந்தன. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அடேய், இது நம்ம போஞ்சிக் கம்பு இல்ல?"

"அதேதான்."

"எத்தன கட்டு தூக்கியிருப்பேன் நானு!" என்றார். பிறகு, "மேக்காட்டுல இருக்கா இன்னும்?"

"இருக்கு சித்தி. நேத்துப் போய்ப் பாத்தேன்."

"பூத்திருக்கா?"

"இன்னும் இல்ல. பச்சையா நிக்கிது."

"எப்பப் பூக்கும்?"

நம் ஆட்களில் யாரும் அதை எண்ணி வைக்கவில்லை என்று சொன்னேன். சித்தி மகளைக் கூப்பிட்டு நாள்காட்டியை எடுத்து வரச் சொன்னார். அன்றைய தேதியில் 'தம்பி போஞ்சிக் கம்பு பாத்துச்சு, பூ இல்ல' என்று எழுதச் சொன்னது எனக்குக் கேட்டது.